அறுபத்திரண்டு

பம்பின் நெற்றியில் மஞ்சளாய் ஒட்டியிருக்கிறது: எண்பத்தைந்து.
ஏட்டுச் சுரைக்காய்.
ஜனவரியில் நெப்ராஸ்காவில் அதை நம்பி
ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்தவள் நான்.

ஆகவே கையுறையைப் பல்லால் கழற்றி,
உறையாதிருக்க உள்சட்டைக்குள் வைத்திருந்த தண்ணீரை
கண்ணாடிக் குழாயில் முதல் கோடு வரை,
அதன்மேல் எரிபொருளை அடுத்த கோடு வரை விட்டு,
கட்டைவிரலால் வாயடைத்துக் குலுக்குகிறேன்.
விரல் எரிகிறது.
சாராயம் தண்ணீரைக் கண்டதும் அதோடு போய்விடும்.
பெட்ரோல் போகாது, மேலே தனியாய் நிற்கும்,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.
நடுவே மெல்லிய ஒரு கோடு.

அறுபத்திரண்டு.

குளிருக்குச் சாராயத்தைக் குறைக்கிறார்கள்,
இல்லாவிட்டால் எந்த வண்டியும் விடியலில் கண் திறக்காது.
இதற்கே இன்று ஆலை வாசலில் நாலு முறை சாவி திருப்பினேன்.
குறைக்கட்டும். எவ்வளவு என்று சொல்லலாம் இல்லையா?

முன்சீட்டில் எமில் வோந்த்ரா.
ஆலையில் நான் நொதித்தொட்டி, அவன் கடைசி வால்வு:
வடிந்து வரும் சுத்தச் சாராயத்தில்
நூற்றுக்கு இரண்டு பங்கு பெட்ரோல் கலப்பான்,
யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி.
அவனுடைய லைசென்ஸ் ஏப்ரல் வரை நீதிமன்றத்தில்.
பதினோரு மாதமாய்த் தொடவில்லை.
அவன் சொல்லவில்லை; ஷிஃப்ட் முழுக்கத் தெரியும்.

மடிக்கணினியை அவன் மடியில் வைத்தேன்.
டர்போ அழுத்தத்தை இருபத்துநாலிலிருந்து இருபதுக்கு இறக்கி,
பொறியை இரண்டு டிகிரி பிந்த விட்டேன்.
"கடைசிப் பத்தியை மட்டும் படி," என்றேன்.
"உள்ளே தட்டினால் அந்த எண் ஏறும்."

குசேரா வயலை ஒட்டிய சாலை
வளைவே அறியாதது.
அறுத்த மக்காச்சோளத் தட்டைகள் பனியைக் குத்திக்கொண்டு நிற்கின்றன.
அக்டோபரில் இந்த வயல் லாரி லாரியாய் எங்கள் தொட்டிக்கு வந்தது.
இப்போது இன்ஜெக்டர் வழியே, பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாய்,
அள்ளி அள்ளிக் குடிக்கிறது என் நீலச் சுபாரு.

மூன்றாவது கியர். மூவாயிரம்.
ஒரு மூச்சு இழுப்பு, பிறகு
முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தைத்தார்கள்.

"தட்டு?"
"பூஜ்யம்."
நாலாயிரம்.
"பூஜ்யம்."
ஐயாயிரம். வேலிக் கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
"பூஜ்யம். பூஜ்யம். பூ
ஒன்று."

காலை எடுத்தேன்.
குழாய்களுக்குள் காற்று சீறி அடங்கியது.
மூன்று மைல் யாரும் பேசவில்லை, ஹீட்டர் மட்டும் பேசியது.

"ஒன்றுதானே," என்றேன்.
"சத்தத்தைத் தட்டு என்று தப்பாக எண்ணியிருக்கும்.
இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம்."

எமில் மடிக்கணினியை மூடினான்.
"ஒன்றுதானே என்பதை
வேறு யாரிடமாவது சொல், லனெட்."
பிறகு அவனே சிரித்தான், ஜன்னலில் ஆவி படியும்படி.

அவன் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்கவில்லை,
மறுபடி எடுக்குமோ எடுக்காதோ.
சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கியவன்
வண்டிக்குப் பின்னால் சுற்றிப் போனான்.
வெள்ளைப் புகை. இனிப்பாய், புளித்த மாவுபோல் ஒரு வாடை.
கண்ணாடியில் பார்த்தேன்:
முழங்கால்வரை அதற்குள் நின்றான்,
ஒரு மூச்சு,
ஒன்றரை.
பிறகு காற்று வரும் பக்கமாய் நகர்ந்து
சாவியைத் தேடினான்.

கதவுப் பையில் குழாய் அப்படியே இருந்தது.
கோடு அசையவில்லை.
மேலே மஞ்சள். கீழே தெளிவு,
அதில் எது தண்ணீர், எது மற்றது என்று
எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது.